வலைக்கு முன்னால் நின்றவர்கள்



இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உதைபந்தாட்டம். அதிலும் குறிப்பாகப் பந்துக்காப்பாளர்கள். ஊரில் நாங்கள் 'கோலி' என்று கூப்பிடுவோமே, அந்த ஆளைப் பற்றிய பேச்சு இது.

எடிசனிலும் அயல் ஊர்களிலும் உள்ள எங்கள் வீடுகளில் உதைபந்தாட்டம் பார்க்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு வாக்குவாதம் அடிக்கடி காதில் விழும். நியூஜேர்சியின் கழகமான றெட் புல்ஸுக்கு இதுவரை விளையாடிய பந்துக்காப்பாளர்களில் ஆகச் சிறந்தவர் யார் என்பதுதான் அது. ஒருவர் ரொனி மெயோலா என்பார். இன்னொருவர் ரிம் ஹவார்ட் என்பார். மூன்றாமவர் லூயிஸ் றோபிள்ஸ் என்று சொல்லி, 183 என்ற ஓர் எண்ணைத் தூக்கி மேசையில் போடுவார். அதற்குப் பிறகு தேத்தண்ணி ஆறிப்போனாலும் பேச்சு ஓயாது.

வரலாறு பேசுகிற இடத்தில் இதற்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கழகத்தின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்காவின் மேஜர் லீக் தொடர் 1996 இல் தொடங்கியபோது அதன் பெயர் மெற்றோஸ்ரார்ஸ். கிழக்கு றதர்போர்ட்டில் இருந்த ஜயன்ற்ஸ் மைதானத்தில் விளையாடியது. 2006 இல் ஒரு குளிர்பான நிறுவனம் அதை வாங்கியது. பெயர் மாறியது, சின்னம் மாறியது, சீருடையின் நிறமும் மாறியது. 2010 இல் ஹரிசன் நகரில் புதிய மைதானம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பழைய ஜயன்ற்ஸ் மைதானத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அந்த இடத்தில் நின்று 'இங்கேதான் எங்கள் கழகம் பிறந்தது' என்று காட்ட ஒரு படிக்கட்டுக்கூட இல்லை.

பெயரும் இல்லை, நிலமும் இல்லை, நிறமும் இல்லை என்றால் 'எங்கள் கழகம்' என்று எதைச் சொல்வது? 1996 இல் நின்ற ஒரு பந்துக்காப்பாளரையும் 2018 இல் நின்ற ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்கிற ரசிகர், இரண்டும் ஒரே கழகம்தான் என்று சொல்லாமல் சொல்கிறார். அந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்றி வைத்திருப்பது இந்த வாக்குவாதம்தான். ஊரையும் பெயர்ப்பலகையையும் விட்டு வந்த எங்களுக்கு இந்தச் சங்கதி புதியதல்லவே.

ஆட்களை எடைபோட முன்னர் அந்த வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. பதினொரு பேரில் கையால் பந்தைப் பிடிக்க அனுமதி பெற்றவர் இவர் ஒருவர்தான். ஆரம்பத்தில் அவருடைய சட்டையும் மற்றவர்களின் சட்டை போலவே இருந்தது. 1909 இல்தான் வேறு நிறம் கட்டாயமானது. 1912 வரை தன்னுடைய அரைப் பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் கையால் பந்தைத் தொடலாம். அதன் பிறகு தண்டப் பெட்டிக்குள் மட்டும் என்று ஆக்கினார்கள். 1992 இல் இன்னுமொரு கட்டுப்பாடு வந்தது: சொந்த அணியின் வீரர் வேண்டுமென்று காலால் தட்டித் தரும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. கைகளை நம்பி வளர்ந்த தலைமுறை ஒன்று ஒரே நாளில் கால்களையும் பழக்க வேண்டி வந்தது. மெயோலா அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்.

ரொனி மெயோலாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் கேர்ணி நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடிசனிலிருந்து வடக்கே அரை மணி, முக்கால் மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து நூல் உற்பத்தியாளரான கிளார்க் குடும்பத்தினர் இங்கே நூல் ஆலைகளைத் தொடங்கினார்கள். ஆலைகளுக்குத் தொழிலாளர்கள் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தார்கள், அவர்களோடு உதைபந்தும் வந்தது. 1883 இல் அந்த ஆலையின் பெயரில் உருவான ஓ.என்.ரி. அணி, அமெரிக்கக் கிண்ணம் என்ற போட்டியை 1885, 1886, 1887 என்று முதல் மூன்று முறையும் வென்றது. 1895 இல் கேர்ணி ஸ்கொட்ஸ் என்ற கழகம் உருவானது. அமெரிக்கர்களுக்கு உதைபந்து தெரியாது என்று சொல்கிறவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை பார்க்கட்டும்.

மெயோலா 1969 இல் பெல்வில்லில் பிறந்து கேர்ணியில் வளர்ந்தவர். தகப்பனார் இத்தாலியிலிருந்து வந்தவர், கேர்ணியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். 1989 நவம்பர் 19 ஆம் திகதி, இருபது வயதில், ரினிடாட்டின் போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரில் அமெரிக்க அணிக்காக வலைக்கு முன்னால் நின்றார். ரினிடாட்டுக்கு ஒரு சமநிலை போதும், உலகக் கிண்ணத்துக்குப் போய்விடலாம். மைதானம் முழுவதும் சிவப்புச் சட்டை. போல் கலிஜூரி அடித்த ஒரே கோலால் அமெரிக்கா வென்றது. மெயோலா ஒன்றும் விடவில்லை. 1950 க்குப் பிறகு அமெரிக்கா உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது அன்றுதான். அன்று மெயோலாவோடு விளையாடிய ஜோன் ஹார்க்ஸ் கேர்ணியில் வளர்ந்தவர். ரப் றாமோஸ் உருகுவேயில் பிறந்து பக்கத்து ஹரிசனில் வளர்ந்தவர். குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு சிறு நகரங்களிலிருந்து போய் ஒரு பெரிய நாட்டை உலகக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனார்கள்.

1994 உலகக் கிண்ணம் அமெரிக்காவிலேயே நடந்தபோது மெயோலா அணித்தலைவர். 1996 இல் மெற்றோஸ்ரார்ஸின் முதல் பந்துக்காப்பாளரும் அவரே. கழகத்தின் முதல் சொந்த மைதான ஆட்டம் 1996 ஏப்ரல் 20 ஆம் திகதி. நாற்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். கோல் எதுவும் இல்லாமல் முடியப் போகிறது என்றிருந்த கடைசி நிமிடத்தில், கழகத்தின் இத்தாலியப் பின்காவல் வீரர் நிக்கோலா கரிக்கோலா பந்தைத் தன் சொந்த வலைக்குள்ளேயே அடித்துவிட்டார். ஆட்டம் போனது. கழகம் கிண்ணம் வெல்லாத ஒவ்வொரு ஆண்டும் 'கரிக்கோலாவின் சாபம்' என்று ரசிகர்கள் அந்த நாளைத்தான் நினைவுகூர்வார்கள். ஊரில் காளி கோயில் நேர்த்தியை மறந்ததால் வந்தது என்று சொல்வதைப் போல!

1999 இல் கழகம் மெயோலாவைக் கன்சாஸ் சிற்றிக்கு மாற்றிக் கொடுத்தது. அங்கேதான் அவருடைய ஆகப் பெரிய ஆண்டு வந்தது. 2000 இல் 16 ஆட்டங்களில் ஒரு கோலும் விடாமல் காத்தார், தொடரின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றார், இறுதியாட்டத்தில் சிக்காகோவை 1-0 என்று வென்று கிண்ணத்தையும் தூக்கினார். 2005 இல் மறுபடி நியூஜேர்சிக்கு வந்து 2006 வரை விளையாடினார். கழகத்தின் பெயர் மாறிய நேரத்தில் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் வலையைக் காத்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

அடுத்தவர் ரிம் ஹவார்ட். இவர் எங்கள் பக்கத்துப் பிள்ளை. 1979 இல் பிறந்தவர். நோர்த் பிறன்ஸ்விக்கில் வளர்ந்து அங்கேயே உயர்தரப் பாடசாலைக்குப் போனவர். எடிசனிலிருந்து ராரிட்டன் ஆற்றைக் கடந்தால் சில மைல்தான். தகப்பனார் நெடுந்தூரப் பாரவூர்தி ஓட்டிய கறுப்பின அமெரிக்கர். தாயார் ஹங்கேரியில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, தாயாரோடு ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தார்.

ஹங்கேரி என்றதும் எடிசன்காரர் ஒன்றை நினைக்க வேண்டும். எடிசனிலும் பிஸ்கட்டவேயிலும் பரந்து கிடந்த கில்மர் இராணுவ முகாம் 1942 இல் கட்டப்பட்டது. அப்போது எங்கள் ஊருக்கு ராரிட்டன் ரவுண்சிப் என்று பெயர். 1954 இல்தான் எடிசன் என்று மாற்றினார்கள். 1956 இல் ஹங்கேரியில் மக்கள் எழுச்சியைச் சோவியத் படைகள் நசுக்கியபோது அகதிகளாக ஓடியவர்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த முகாமுக்குத்தான் முதலில் கொண்டுவரப்பட்டார்கள். பதிவு, மருத்துவச் சோதனை, தற்காலிகப் படுக்கை எல்லாம் இங்கேதான். 1957 வரை அது ஓர் அகதி முகாமாக இருந்தது. நியூ பிறன்ஸ்விக்கில் அதற்கு முன்பே ஹங்கேரியர் பெருந்தொகையாகக் குடியிருந்தார்கள். நாங்கள் காலடி வைப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த மண் அகதிகளை வரவேற்ற மண் என்பதை எங்கள் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஹவார்ட் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது அவருக்கு ரூறெற் நோய்க்குறி இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். முகமும் கழுத்தும் தன்னிச்சையாக வெட்டி வெட்டி இழுக்கும், உடல் சொன்னபடி கேளாது. அதை மறைக்காமல் வெளியில் சொல்லி விளையாடியவர் அவர். அப்படியான பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளித்து வைக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடமும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

1998 இல் பத்தொன்பது வயதில் மெற்றோஸ்ரார்ஸுக்காக முதலாவது ஆட்டம். இரண்டு ஆண்டுகள் மைக் அமன் என்ற பந்துக்காப்பாளருக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்தார். 2001 இல் முழு நேரமும் நின்ற முதல் ஆண்டிலேயே தொடரின் சிறந்த பந்துக்காப்பாளர் விருது. 2003 கோடையில் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் யுனைற்றட் அவரை விலைக்கு வாங்கியது. 2004 இல் எப்.ஏ. கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். பிறகு எவர்ட்டனில் பத்து ஆண்டுகள். 2014 ஜூலை 1 ஆம் திகதி பிறேசிலின் சல்வடோர் நகரில் பெல்ஜியத்துக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பதினைந்து தடவைக்குக் குறையாமல் பந்தைத் தடுத்தார். ஆனாலும் கூடுதல் நேரத்தில் அமெரிக்கா 2-1 என்று தோற்றது. தோற்ற ஆட்டத்தின் நாயகனை உலகம் முழுவதும் பாராட்டியது அபூர்வம்.

மூன்றாமவர் லூயிஸ் றோபிள்ஸ். 1984 இல் அரிசோனா மாநிலத்தில் பிறந்தவர். ஜேர்மனியில் கைசர்ஸ்லவுட்டனிலும் கார்ல்ஸ்றூவிலும் சில ஆண்டுகள் விளையாடிவிட்டு, 2012 இல் பெரிய ஆரவாரம் எதுவும் இல்லாமல் றெட் புல்ஸுக்கு வந்து சேர்ந்தார். அப்போது கழகத்தில் பிரான்சின் தியெறி ஹென்றி போன்ற நட்சத்திரங்கள் இருந்தார்கள். இவரை யாரும் கவனிக்கவில்லை. 2012 இல் வலைக்கு முன்னால் போய் நின்றவர் 2018 வரை ஒரு தொடர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. அதுதான் அந்த 183. தொடர்ச்சியாக 183 ஆட்டங்கள், தொடரின் வரலாற்றிலேயே சாதனை. அந்தக் காலத்தில் மூன்று பயிற்றுநர்கள் மாறினார்கள். ஹென்றி 2014 இறுதியில் போனார். முன்வரிசையும் நடுவரிசையும் மாறிக்கொண்டே இருந்தன. பின்னால் திரும்பிப் பார்த்தால் அதே ஆள் நின்றார்.

1996 இலிருந்து ஒரு பெரிய வெற்றியும் காணாத கழகம், 2013 இல் ரசிகர் கேடயத்தை முதன்முறையாக வென்றது. தொடர் முழுவதும் கூடிய புள்ளி எடுக்கும் அணிக்குக் கொடுக்கிற அந்தக் கேடயத்தை 1990களின் இறுதியில் ரசிகர்களே காசு சேர்த்து உருவாக்கினார்கள். 2015 இலும் 2018 இலும் மறுபடி வென்றது. மூன்று தடவையும் வலைக்கு முன்னால் றோபிள்ஸ். 2015 இல் சிறந்த பந்துக்காப்பாளர் விருதும் அவருக்கே. பின்னாளில் அணித்தலைவரும் ஆனார். 2019 முடியப் புறப்பட்டு, மயாமியில் ஓர் ஆண்டு விளையாடி ஓய்வு பெற்றார்.

இவர்களைத் தவிர இன்னும் சிலரையும் நேயர்கள் சொல்லக்கூடும். டனி செப்பெறோ 2008 ஒக்ரோபரில் தன் முதலாவது ஆட்டத்திலேயே சொந்தப் பக்கத்திலிருந்து உதைத்த பந்து எதிரணியின் வலைக்குள் விழுந்தது. அந்தத் தொடரில் ஒரு பந்துக்காப்பாளர் அடித்த முதல் கோல் அது. அடுத்த மாதம் கழகத்தின் முதல் இறுதியாட்டத்தில் அவர்தான் நின்றார். கொலம்பஸிடம் 3-1 என்று தோல்வி. 2021 இல் வந்த கார்லோஸ் கொறனெல் 2024 இல் கழகத்தை இரண்டாவது இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். லொஸ் ஏஞ்சலிஸில் 2-1 என்று தோல்வி. பழைய கொஸ்மோஸ் அணியைப் பார்த்த மூத்தவர்கள் செப் மெசிங், ஹூபேர்ட் பேர்க்கன்மையர் என்று பெயர் சொல்வார்கள். அவர்கள் பெரியவர்கள்தான். ஆனால் அது வேறு கழகம், வேறு கணக்கு.

இனி என்னுடைய தீர்ப்பு. கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். 'இந்தக் கழகத்தில் விளையாடியவர்களில் உலகத்தில் ஆகச் சிறந்தவர் யார்' என்று கேட்டால் ஹவார்ட், அதில் மறுபேச்சு இல்லை. 'இந்த மண்ணின் உதைபந்துக்கு ஆகப் பெரிய வாசலைத் திறந்தவர் யார்' என்று கேட்டால் மெயோலா. ஆனால் கேள்வி 'கழகத்தின் ஆகச் சிறந்த பந்துக்காப்பாளர்' என்பது. மெயோலாவின் பொன்னான ஆண்டு கன்சாஸ் சிற்றியில். ஹவார்ட்டின் பெரிய நாட்கள் இங்கிலாந்திலும் பிறேசிலிலும். இந்தக் கழகத்துக்காக ஹவார்ட் ஆடிய தொடர் ஆட்டங்கள் நூறைத் தொடவில்லை. றோபிள்ஸின் கணக்கு இருநூறைத் தாண்டுகிறது. அவருடைய நல்ல நாட்கள் எல்லாம் இங்கேதான் செலவாயின. ஆகவே என் வாக்கு லூயிஸ் றோபிள்ஸுக்கு.

இதை நான் விளையாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் குடும்பங்களின் கதையைச் சொல்லும்போதும் இதே கேள்வி வருகிறது. லண்டனுக்குப் போய்ப் படித்தவர், ரொறன்ரோவில் கடை போட்டவர், நியூஜேர்சியில் வீடு வாங்கியவர் என்று வெளியே போய்ப் பெயர் எடுத்தவர்களின் கதை எங்களிடம் நிறைய இருக்கிறது. ஊரிலேயே நின்று அப்பம்மாவைப் பார்த்த சித்தப்பா, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரும்பப் போய் அதே காணிக்கு வேலி அடைத்த பெரியம்மா, இவர்களுடைய கணக்கை யார் வைத்திருக்கிறோம்? போனவர் குறைந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை, நானும் வந்தவன்தான். நின்றவருக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறேன்.

உதைபந்திலேயே இதைப் பாருங்கள். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், ஊரெழு றோயல், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்று கழகங்களின் பெயரைச் சொன்னாலே எங்கள் மூத்தவர்களின் முகம் மலரும். மன்னார்க்காரரைக் கேட்டால் அவர்களிடம் தனிப் பட்டியலே இருக்கும். யாருடைய கோலி கெட்டிக்காரன் என்று அவர்கள் தொடங்கினால் விடிந்துவிடும். ஆனால் றெட் புல்ஸ் ரசிகருக்குக் கையில் புள்ளிவிபரம் இருக்கிறது, ஒளிப்பதிவு இருக்கிறது. எங்களுக்கு? 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது பழைய பத்திரிகைக் கட்டுகளும் எரிந்தன. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, கழகத்தின் குழுப்படத்தையும் வரவுப் புத்தகத்தையும் எத்தனை பேரால் தூக்கிக்கொண்டு வர முடிந்தது? இப்போது அந்த ஆட்டங்கள் இருப்பது எழுபது, எண்பது வயதானவர்களின் வாயில்தான்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அப்பாவிடமோ மாமாவிடமோ பிள்ளைகளை இருத்தி, 'உங்கள் ஊரின் ஆகச் சிறந்த கோலி யார்' என்று கேட்கச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னவுடன் விட்டுவிடக் கூடாது. எந்த ஆண்டு, எந்த மைதானம், யாருக்கு எதிரான ஆட்டம், பக்கத்தில் நின்று பார்த்தவர் வேறு யார் என்று துருவிக் கேட்க வேண்டும். இன்னொரு மாமா மறுத்துப் பேசினால் இன்னும் நல்லது. இரண்டு பேரும் சாட்சி தேடுவார்கள். சொன்னதை ஒரு கொப்பியில் எழுதி, திகதி போட்டு வையுங்கள். கைபேசியில் குரலையும் பதிந்து வையுங்கள். சண்டை முடிய வேண்டிய அவசியம் இல்லை.

றோபிள்ஸ் என்று நான் சொன்னது பிழை என்று நினைப்பவர்கள் தாராளமாக நிலையத்துக்கு எழுதுங்கள். ஆண்டையும் ஆட்டத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.